மூன்று மணிப் படகு

மேகத்தீவில் மழையே பெய்யாது. அங்கே மேகம் தலைக்கு மேலே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. நடந்தால் மெத்தை போல அமுங்கும். தீவின் நடுவில் ஒரு நீலக் குளம். குளக்கரையில் ஒரு விளக்கு மரம். மரத்தடியில் ஒரு சின்னப் படகு. குளத்தின் அக்கரையில் ஒரு மலை மங்கலாகத் தெரியும். உலகத்தில் உள்ள பனியெல்லாம் அந்த மலையில்தான் பிறக்கிறதாம்.

அந்த மலைக்குப் போய்ப் பனி பிறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது புனிதாவின் ஆசை. ஆனால் அந்தப் படகு கொஞ்சம் பிடிவாதக்காரப் படகு. அதில் இரண்டு துடுப்புகள். இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் நகரும். ஒருவர் மட்டும் ஏறி எவ்வளவு வலித்தாலும் அசைந்துகூடக் கொடுக்காது.

மேகத்தீவு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடாதீர்கள். அது புனிதாவின் கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு விளையாட்டு. புனிதா இருப்பது கோலா கிளாவாங் பக்கத்தில், ஏழாங்கட்டைத் தோட்டத்தில். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. பின்கதவைத் திறந்தால் துணிக்கொடி, அதற்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், அதற்கும் அப்பால் மலை. இங்கே மழை தனக்குத் தோன்றிய நேரத்தில் எல்லாம் பெய்யும். வம்பு வந்ததும் அந்த மழையால்தான்.

போன மாதம் ஒரு நாள் பிற்பகல், புனிதா மேகத்தீவில் விளக்கு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று கூரையில் சத்தம் கேட்டது. அவள் காதில் அது விழுந்ததா என்றால், விழுந்தது. 'இதோ, இந்த ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போகலாம்' என்று நினைத்தாள். ஒரு வாளி இரண்டு வாளி ஆனது. பிறகு எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் தொழிற்சாலைச் சீருடை தொப்பலாக நனைந்துவிட்டது. இன்னொரு சீருடை அம்மாவின் உடம்பில் இருந்தது. அதுவும் நாளெல்லாம் உழைத்து அழுக்காகி இருந்தது.

அம்மா தனலெட்சுமி சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். மலைச்சாலையின் வளைவெல்லாம் கடந்து போய், பொழுது சாயும்போதுதான் திரும்புவார். அன்று அவர் வந்து நனைந்த சீருடையைப் பார்த்தார். திட்டவில்லை. இஸ்திரி போட்டுப் போட்டுக் காயவைத்தார். அது முழுதாகக் காயவே இல்லை. மறுநாள் ஈரச் சட்டையோடுதான் பஸ் ஏறினார். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் ஒரே தும்மல்.

ஒவ்வொரு தும்மலையும் புனிதா எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் அம்மா தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு புனிதாவிடம் வந்தார்.

"என்கூட பஸ்ல வராங்களே, புஷ்பவள்ளி ஆன்ட்டி, அவங்க மகன் போனுக்கு ஒரு பூட்டு செயலி போட்டிருக்காங்களாம்லா. அம்மா போன்லருந்தே பிள்ளை போன பூட்டலாம், திறக்கலாமாம். அத எப்படிப் போடுறதுன்னு கொஞ்சம் பாரு."

"யாரு போனுக்கும்மா?"

"உன் போனுக்குத்தான்."

அப்பா வீரமுத்து கதவோரம் உட்கார்ந்து, செம்பனைப் பழம் வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கோழிய அடைக்கணும்னு சொல்லி, கோழிகிட்டயே கூடை கேக்குறியே" என்றார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுலா. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா நீங்க வந்து போடுங்க" என்றார் அம்மா. அப்பா உடனே அரிவாள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புனிதாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் அம்மாவின் தும்மல் நினைவுக்கு வந்ததால், இரண்டு கைப்பேசிகளிலும் செயலியை இறக்கினாள். பள்ளிக்கூடச் செய்தி, அம்மா அப்பாவுக்குச் செய்தி, அழைப்பு, இவை மட்டும் எப்போதும் திறந்திருக்கும். விளையாட்டுகள் ராத்திரி ஏழு மணிக்குத் திறந்து ஏழரைக்குப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருப்பார். "என் கண்ணு முன்னால விளையாடு, அது போதும்" என்றார் அம்மா.

கடைசியாக, அவசரத்துக்குப் பூட்டைத் திறக்க நாலு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் கேட்டது.

"இத மட்டும் நான் போடுறேன். நீ பின்னால போய் நில்லு. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் அம்மா.

புனிதா பின்கதவுப் பக்கம் போய் நின்றாள். அம்மா கைப்பேசியைத் துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டார். ஜன்னலைக்கூடச் சாத்தினார். பிறகு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"மூணு... ஒண்ணு... ஒண்ணு... ஏழு."

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அழுத்தினாலும் வாய் அதைச் சொல்லிவிடும். வங்கி இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது அப்பாதான் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அப்பா இருமவில்லை. அரிவாள் தீட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

புனிதாவுக்கு நாலு எண்ணும் தெளிவாகக் கேட்டது. அவள் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. காது இருக்கிறதே, அது கேட்டுவிட்டது.

பூட்டு விழுந்ததில் புனிதாவுக்கு விளையாட்டு குறைந்ததுகூடப் பெரிய வருத்தமாக இல்லை. தர்மினியைப் பார்க்க முடியாமல் போனதுதான் தாங்கவில்லை.

தர்மினியின் அப்பா கனகசுந்தரம் இந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அலுவலகக் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. நாலாம் ஆண்டு முடியும்வரை தர்மினியும் புனிதாவும் ஒரே வகுப்பு, ஒரே மேசை. பிறகு அவருக்குச் சிரம்பானில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அந்த ஊர்ப் பக்கமுள்ள அம்பாங்கானுக்குப் போய்விட்டார்கள். போகும் நாளில் தர்மினி காரில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "அழாதடி. மேகத்தீவுல பார்ப்போம்."

அதனால்தான் மேகத்தீவு. அந்தத் தீவு அவர்கள் இருவருக்கும் மட்டும் சொந்தம். பேசுவதற்கு அங்கே வழி இல்லை. ஆனால் குதிக்கலாம், கையாட்டலாம், படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இருவரும் சேர்ந்து குளத்தில் கொஞ்ச தூரம் போயும் இருந்தார்கள். அக்கரைக்கு இன்னும் போனதில்லை. 'பள்ளி விடுமுறையில் போகலாம்' என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள்.

பூட்டுப் போட்ட முதல் நாள், ஏழு மணிக்குப் புனிதா ஓடோடித் தீவுக்குப் போனாள். யாரும் இல்லை. விளக்கு மரத்தில் ஒரு விளக்கு மட்டும் அப்போதுதான் அணைந்து, மெல்லிய புகை சுருண்டு போய்க்கொண்டிருந்தது. தர்மினி வந்து ஏற்றிவைத்த விளக்கு அது. படகின் அருகில் ஒரு சங்கு கிடந்தது.

'இப்பத்தான் போயிருப்பா போல' என்று நினைத்து, புனிதா தன் பங்குக்கு ஒரு மஞ்சள் பூவைப் படகில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாளும் புகைதான் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் வைத்த பூ வாடிச் சருகாகிக் கிடந்தது. மேகத்தீவில் பூக்கள் ஒரு ராத்திரிகூடத் தாங்காது; சருகைப் பார்த்து அது எப்போது வைத்த பூ என்று தர்மினியால் சொல்ல முடியாது.

ஏழு மணிக்கு அவள் தீவில் நிற்கும்போது, பின்கதவுக்கு வெளியே உண்மையான மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கும். செம்பனை மட்டைகளின் நுனி ஒவ்வொன்றாக மறையும். கைப்பேசிக்குள்ளும் வெள்ளை, வெளியிலும் வெள்ளை. எது தீவு, எது தோட்டம் என்று சில நேரம் அவளுக்கே குழம்பிப்போகும். எங்கோ அந்த வெள்ளைக்குள் தர்மினி நிற்கிறாள் என்றும், தான் ஒரு அடி வைத்தால் அவள் ஒரு அடி தள்ளிப்போகிறாள் என்றும் தோன்றும்.

ஆனால் புனிதா கனவு மட்டும் காண்கிறவள் இல்லை. கொஞ்சம் கணக்கும் போடுவாள். மேகத்தீவு விளக்கு நாலு மணி நேரம் எரியும். ஏழு மணிக்குப் புகை வருகிறது என்றால், தர்மினி அதை ஏற்றியது மூன்று மணிக்கு. அப்படியானால் தர்மினியும் ஏதோ ஒரு நேரத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மூன்று மணி. இவளுக்கு ஏழு மணி. இரண்டு பேரும் ஒரே தீவில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை.

'அம்மாகிட்டச் சொன்னா என்ன' என்று பலமுறை நினைத்தாள். ஒவ்வொரு முறையும் கைப்பேசி என்ற சொல் வாய்வரை வரும்போது, அந்த ஈரச் சட்டை கண்முன்னால் வந்து நிற்கும். உடனே வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை ஏழு மணிக்குப் புகையும் இல்லை. சங்கும் இல்லை. படகுக்குள் பார்த்தாள். ஒரு துடுப்புதான் இருந்தது. இன்னொன்று கரையில் கிடந்தது.

அந்த விளையாட்டில் துடுப்பைக் கரையில் வைத்தால் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. 'என் இடம் காலி. வேறு யாரையாவது ஏற்றிக்கொள்.' பக்கத்துத் தீவுப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் அந்தத் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்காரலாம்.

'நான் வர்றதே இல்லன்னு நினைச்சிட்டா. நான் அவளை மறந்துட்டேன்னு நினைச்சிட்டா.'

அன்று ராத்திரி அம்மா மீன் பொரித்திருந்தார். புனிதாவுக்குப் பிடித்த மீன். அவள் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தாளே தவிர, சாப்பிடவில்லை.

"மீனு இன்னும் நீந்திக்கிட்டா இருக்கு? அப்படிப் பாக்குற" என்று அப்பா கேட்டார். புனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பள்ளி முடிந்து வந்ததும் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். அப்பா காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பெயர் கொடுத்து, மதியம்வரை பழம் வெட்டிவிட்டு வந்திருந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, காற்றாடிக்குக் கீழே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குறட்டை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

மணி மூன்று.

புனிதா கைப்பேசியை எடுத்தாள். மேகத்தீவின் மேல் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருந்தது. அதைத் தொட்டாள். நாலு கட்டங்கள் வந்தன.

இப்போது தர்மினி அங்கேதான் இருப்பாள். குளக்கரையில் நிற்பாள். துடுப்பு இன்னும் கரையில்தான் கிடக்கும். ஓடிப்போய் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும். ஒரு நிமிடம். அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

மூன்று. ஒன்று. ஒன்று.

விரல் ஏழின் மேல் வந்து நின்றது. அப்போது மலைக்குப் பின்னால் இடி உருண்டது.

புனிதா தலையைத் தூக்கினாள். திறந்திருந்த பின்கதவு வழியாகத் துணிக்கொடி தெரிந்தது. அம்மாவின் நீலச் சீருடை காற்றில் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பேசியைப் பாயில் போட்டுவிட்டு ஓடினாள். சீருடை, அப்பாவின் நீளக் கால்சட்டை, துண்டு, தன் பள்ளிக்கூட உடுப்பு என்று எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டு அவள் உள்ளே வரவும், முதல் துளி வாசலில் விழவும் சரியாக இருந்தது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

துணிகளெல்லாம் சுடச்சுட இருந்தன. வெயில் வாசம் அடித்தது. அம்மாவின் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு புனிதா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மனசு லேசாக இருந்தது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து இன்றுதான் அப்படி இருந்தது.

கைப்பேசி இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மூன்று கட்டங்கள் நிறைந்திருந்தன. ஒன்று காலியாக இருந்தது. இப்போது ஏழை அழுத்தினால் இந்த லேசு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் அம்மா வரும்போது அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

அவள் ஒவ்வொன்றாக மூன்று எண்களையும் அழித்தாள்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது சீருடை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அட, யாரு போட்டது?" என்றார் அம்மா. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தார். "மழை பெஞ்சிச்சே, நனையலையா?"

"நனையறதுக்குள்ள எடுத்துட்டேன்."

அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்ததும் புனிதாவுக்குத் தைரியம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

"அம்மா, எனக்கு அந்த பூட்டோட பின் நம்பர் தெரியும்."

"எப்படி?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் எங்கடி சொன்னேன்? உன்னப் பின்னால நிக்கவச்சிட்டுல போட்டேன்?"

"வாயில சொல்லிக்கிட்டே போட்டீங்கம்மா. மூணு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கூரையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின.

"இருமாம விட்டது என் தப்புதான்" என்றார் அப்பா.

"அப்போ இத்தனை நாளா தெறந்து விளையாடினியா?" அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்லம்மா. இன்னிக்கு மட்டும் மூணு நம்பர் அழுத்தினேன். நாலாவது அழுத்தல."

"ஏன் அழுத்தின? ஏன் அழுத்தல?"

நல்ல கேள்விகள். புனிதா இரண்டுக்கும் பதில் சொன்னாள். விளக்குப் புகை, வாடிய பூ, கரையில் கிடந்த துடுப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகியது. அம்மா தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"இவ்ளோ நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உங்க சட்டை நனைஞ்சிச்சில்ல. அதான்."

அம்மா அவளை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்து, தர்மினியின் அம்மா தங்கேஸ்வரியை அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"நல்ல காலம் கூப்பிட்டீங்கள்" என்றார் தங்கேஸ்வரி ஆன்ட்டி. "நானும் பிள்ளைக்குப் பூட்டுப் போட்டுத்தான் வச்சிருக்கிறன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, டியூஷனுக்குப் போக முதல், மூண்டு மணிக்கு அரை மணித்தியாலம். ஒவ்வொரு நாளும் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அழுதுபோட்டுப் படுத்திட்டாள். புனிதாவுக்குத் தன்னைப் பிடிக்கேல்லையாம்."

"அப்படில்லாம் இல்ல ஆன்ட்டி" என்று புனிதா பாய்ந்து சொன்னாள்.

மறுமுனையில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. "புனிதாவா? புனிதாவா அது?"

"துடுப்ப எடுத்து உள்ள வைடி" என்றாள் புனிதா. சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பக்கமும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சரி, நேரம் எப்படி ஒத்துப்போகும்? தர்மினிக்குச் சாயங்காலம் டியூஷன். ஏழு மணிக்கு அவளால் முடியாது. மூன்று மணிக்கு அம்மா தொழிற்சாலையில் இருப்பார். "என் கண்ணு முன்னால இருக்கணும்னுதான் ஏழு மணி வச்சேன். அவங்கப்பா மூணு மணிக்குத் தூங்கிருவாரு. அவரு காவல்னா அவ்ளோதான்" என்றார் அம்மா.

"குறட்டை விட்டுக்கிட்டே பாத்துக்குவேன்லா" என்றார் அப்பா. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

புனிதா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உங்களுக்கு டீ டைம் எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு. ஏன்?"

"அப்போ லாக்கர்லருந்து போன எடுப்பீங்கதானே?"

"எடுப்பேன். மெசேஜ் பாப்பேன்."

"எனக்கு நேரம் கூட்ட வேணாம்மா. ஏழு மணிய எடுத்துட்டு மூணு மணிக்கு மாத்துங்க. அதுவா திறக்க வேணாம். நான் துணியெல்லாம் எடுத்து மடிச்சிட்டு உங்களுக்கு மெசேஜ் போடுறேன். நீங்க டீ குடிச்சிக்கிட்டே அங்கருந்து திறங்க. அரை மணியில அது பூட்டிக்கும். அப்போ உங்க கண்ணு முன்னால மாதிரிதானே?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "துணி மடிக்கலன்னா டீயோட நிறுத்திக்குவேன், தெரியுமா?"

"உங்கட மகள் கெட்டிக்காரி" என்று தங்கேஸ்வரி ஆன்ட்டியின் குரல் கைப்பேசியிலிருந்து வந்தது. அவர் இன்னும் தொடர்பில்தான் இருக்கிறார் என்பதை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

ரகசிய எண்ணை மாற்ற வேண்டும் என்று புனிதா சொன்னாள். அம்மாவுக்குக் கண் சொக்கியது. "நாளைக்கு மாத்திக்கலாம்லா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவுக்கு வேலை இருந்தது. அன்று வெயில் நன்றாக அடித்தது. மூன்று மணிக்கு முன்பே துணிகள் மடிந்து அலமாரிக்குள் போய்விட்டன. அப்பாவின் காலுறைகூட ஜோடி சேர்ந்திருந்தது. அது அந்த வீட்டில் அபூர்வம்.

'மடிச்சிட்டேன்மா' என்று புனிதா செய்தி அனுப்பினாள். பிறகு அந்தச் சின்னப் பூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், எத்தனையோ வளைவுகள் தாண்டி, சுங்கை காடுட்டில் அம்மா ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கைப்பேசியைத் தேடுவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

சட்டென்று பூட்டு மறைந்தது. அம்மாவே வந்து கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது புனிதாவுக்கு.

மேகத்தீவில் விளக்கு மரம் முழுக்க விளக்குகள் எரிந்தன. இன்று புகை இல்லை, சுடர்தான். படகுக்குள் இரண்டு துடுப்புகள் இருந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தர்மினி உட்கார்ந்திருந்தாள். புனிதாவைப் பார்த்ததும் எழுந்து குதித்தாள், குதித்தாள், குதித்துக்கொண்டே இருந்தாள். படகு கவிழாததே அதிசயம்.

புனிதா ஏறி உட்கார்ந்தாள். இருவரும் துடுப்பை வலித்தார்கள். பிடிவாதக்காரப் படகு மெதுவாகக் கரையை விட்டுக் கிளம்பியது.

குளம் அவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியாது. விளக்கு மரம் சின்னதாகிக்கொண்டே போனது. தண்ணீருக்குள் ஒளி மீன்கள் வந்து படகோடு கூடவே நீந்தின. அக்கரையில் அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. அதன் உச்சியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பனிதான். அப்போதுதான் பிறந்த பனி, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. புனிதா இன்னும் வேகமாகத் துடுப்பை வலித்தாள்.

குளத்தின் நடுவில் வந்தபோது திரை இருண்டது. சின்னப் பூட்டுப் படம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரம் முடிந்துவிட்டது.

புனிதா திகைத்துப்போய்ப் பார்த்தாள். இன்னும் பாதிக் குளம்தான். அதற்கப்புறம் மலை. அம்மாவின் டீ நேரமும் முடிந்திருக்கும். கைப்பேசி லாக்கருக்குள் போயிருக்கும். ஆனால் அந்த நாலு எண்கள் இன்னும் மாறவில்லை. அவை அவளுக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அவள் கையைக் கொஞ்சம் நீட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

'தர்மினிக்கும் இப்ப பூட்டியிருக்கும். அவளும் நடுக்குளத்துலதான் இருப்பா' என்று நினைத்தபோது, ஏனோ அவளுக்கு ஆறுதலாக இருந்தது. படகு எங்கும் போகாது. இரண்டு பேரும் இல்லாமல் அது அசையாது அல்லவா? அதன் பிடிவாதம் இப்போது நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் அம்மா காலணியைக் கழற்றுவதற்குள் புனிதா எதிரில் போய் நின்றாள்.

"அம்மா, பின் நம்பர மாத்துங்க."

"குளிச்சிட்டு வரேன்டி."

"இப்பவே மாத்துங்கம்மா. எனக்குக் கஷ்டமா இருக்கு."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து, இரண்டு கைப்பேசிகளையும் எடுத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார். "சரி, பின்னால போய் நில்லு. இந்த தடவ நான் வாயே திறக்க மாட்டேன்."

புனிதா பின்கதவுப் பக்கம் போய் நின்றாள். வெளியே மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. செம்பனை மரங்கள் கால்வரை வெள்ளைக்குள் நின்றன. ஒரு படகு வந்தால் அப்படியே மிதந்து போகலாம் போல இருந்தது.

அம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டார். முதல் எண்ணை அழுத்தினார். சத்தம் வரவில்லை. இரண்டாவது எண்ணுக்கு விரல் போகும்போதே உதடு மெல்லத் திறந்தது.

"எட்..."

புனிதா இரண்டு காதுகளையும் இறுக்கப் பொத்திக்கொண்டாள். அதுவும் போதாதென்று, தொண்டை கிழிய ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஓரேழு ஏழு! ஈரேழு பதினாலு!"

அப்பா குளியலறையிலிருந்து தலையை நீட்டினார். "என்னா, பரீட்சையா?"

அம்மா துண்டுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். புனிதா காதைப் பொத்திக்கொண்டு, மலையைப் பார்த்தபடி, பத்தேழு எழுபதுவரைக்கும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துக் கையை எடுத்தபோது வீடு அமைதியாக இருந்தது. பூட்டு பூட்டியிருந்தது. பனியில் முக்கால் மலை மறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் பாதிக் குளத்தை நாளை மூன்று மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, அவள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.